மெட்டல் டிடெக்டருக்கு ரீசார்ஜபிள் செல் போடுறீங்களா? சார்ஜ் பண்றப்ப இதை கவனிங்க

தோப்புல தொலைஞ்ச கம்மல், வயல்ல கழண்டு விழுந்த ரோட்டாவேட்டர் பிளேடுன்னு தேட இப்ப நிறைய பேர் டிடெக்டர் வாங்குறாங்க. காரெட் ஏஸ் 300 மாதிரி மெஷினுக்கு 4 ஏஏ செல் வேணும், அதான் ரிமோட்டுக்கு போடுற பென்டார்ச் சைஸ் செல். கடையில கிடைக்கிற, ஒரு தடவை தீர்ந்தா தூக்கி போடுற அல்கலைனை வாங்கி வாங்கி போட்டா கட்டுப்படியாகாது, அதனால நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது நிம்ஹெச் ரீசார்ஜபிளுக்கு மாறிடுங்க. (மைன்லேப் எக்வினாக்ஸ் 600, 800 வெச்சிருக்கவங்க இதை படிக்க வேணாம், உங்களுக்கு உள்ளேயே லித்தியம் இருக்கு, கேபிளை மாட்டுனா முடிஞ்சுது.)

செல் வாங்குறது

எனிலூப்தான் என் சாய்ஸ். சாதா வெள்ளை கலர், 2000 எம்ஏஹெச் (மில்லி ஆம்ப் ஹவர், செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு). 2005ல சான்யோ கொண்டு வந்தது, இப்ப பானாசோனிக் கையில இருக்கு. சும்மா வெச்சிருந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காது, நமக்கு அதான் முக்கியம், ஏன்னா டிடெக்டரை தினமும் யாரும் எடுக்கறதில்ல. 2500 போட்ட கருப்பு ப்ரோ செல்லும் இருக்கு, ஆனா அதை திரும்ப திரும்ப சார்ஜ் பண்ற ஆயுசு ரொம்ப கம்மி, எனக்கு அது தேவைப்படல. 3500, 4000ன்னு லேபிள் ஒட்டின செல் சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, ஏஏ சைஸ் நிம்ஹெச்ல 2800 வர்றதே பெரிய விஷயம்.

வாங்கின உடனே மார்க்கர் எடுத்து ஒரு செட்டுக்கு அ1, அ2, அ3, அ4, அடுத்த செட்டுக்கு ஆ1ல இருந்து எழுதிடுங்க. இந்த நாலும் எப்பவும் ஒண்ணாவே டிடெக்டருக்குள்ள போகணும், ஒண்ணாவே வெளிய வரணும். நடுவுல ஒண்ணை உருவி சுவர் கடிகாரத்துக்கு போடறது, அப்புறம் கைக்கு கிடைச்ச வேற செல்லை இங்க சொருகறது, இதெல்லாம் கூடாது. நாலும் சீரீஸ்ல, அதாவது ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா கோர்த்து இருக்கறதால வீக்கான செல் முதல்ல காலியாகும், மத்த மூணும் அதுக்குள்ள கரண்டை தள்ளிக்கிட்டே இருக்கும், கடைசியில அந்த செல்லோட பிளஸ் மைனஸே தலைகீழா மாறிடும். அப்படி ஆன செல் பழைய மாதிரி திரும்பறது கஷ்டம்.

சார்ஜர்

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பாக்குற சார்ஜர்தான் வேணும். கண்டுபிடிக்கறது ஈஸி, ஒரே ஒரு செல்லை மட்டும் போட்டு பாருங்க. சார்ஜ் ஏறுச்சுன்னா பெரும்பாலும் தனித்தனி, ரெண்டு போட்டாதான் லைட்டே எரியும்னா அது ஜோடி சார்ஜர். ஜோடியில ஒண்ணு சீக்கிரம் ஃபுல் ஆயிடும், இன்னொண்ணு பாதியிலயே நிக்கும், ரெண்டுக்கும் ஒரே நேரத்துல கட் பண்ணினா ரெண்டுல ஒண்ணு கெடும். பானாசோனிக்லயே பிக்யூ சிசி55 நல்லா இருக்கு. டிஸ்ப்ளே வேணும்னா லீட்டோகாலா லி 500.

கரண்ட் எவ்வளவு வைக்கறது (இங்கதான் எல்லாரும் மாட்றாங்க)

மெதுவா சார்ஜ் பண்ணா செல்லுக்கு நல்லதுன்னு நினைச்சுதான் எல்லாரும் 200, 300 மில்லி ஆம்ப் வைக்கறாங்க. லித்தியத்துல அது பரவால்ல, நிம்ஹெச்ல கதையே வேற. நிம்ஹெச் ஏற ஏற வோல்டேஜ் மெல்ல கூடிக்கிட்டே போய், ஃபுல் ஆன உடனே ஒரு சில மில்லி வோல்ட் கீழ இறங்கும், ஸ்மார்ட் சார்ஜர் அந்த சின்ன இறக்கத்தை பாத்துதான் கட் பண்ணுது. கரண்ட் கம்மியா இருந்தா அந்த இறக்கம் சரியா தெரியாது, சார்ஜர் தவறவிட்டுட்டு ஏத்திக்கிட்டே இருக்கும், காலையில தொட்டு பாத்தா செல் கொதிக்கும்.

அதனால 2000 எம்ஏஹெச் செல்லுக்கு 1000 மில்லி ஆம்ப் வைங்க. செல் பழசா இருந்தா 700. 500க்கு கீழ போகாதீங்க. கணக்கு சிம்பிள், 2000ஐ 1000ஆல வகுத்தா 2 மணி, கொஞ்சம் வீணாகும்ங்கறதால 20 நிமிஷம் கூட்டிக்கோங்க. முடியற நேரத்துல செல் வெதுவெதுன்னு இருக்கும், அது நார்மல். கையில பிடிக்க முடியாத சூடுன்னா உடனே கழட்டுங்க. மே மாசம் ஜன்னல் ஓரத்துல வெச்சு சார்ஜ் பண்ணாதீங்க, ஃபேனுக்கு கீழ, சார்ஜர் மூடியை திறந்து வெச்சு பண்ணுங்க.

ஃபுல்லா காலி பண்ணிட்டுதான் சார்ஜ் போடணும்னு ஒரு பேச்சு இருக்கு, அது பழைய நிக்கல் காட்மியம் காலத்து சமாச்சாரம். பாதியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது.

டிடெக்டர்ல போட்ட பிறகு

ஃபுல் சார்ஜ் போட்டும் பேட்டரி கட்டம் ஒண்ணு கம்மியா காட்டுதுன்னு பயப்படாதீங்க. அல்கலைன் 1.5 வோல்ட், நாலுக்கு 6. நிம்ஹெச் 1.2, நாலுக்கு 4.8. மீட்டர் அல்கலைன் கணக்குல இருக்கறதால அப்படி காட்டுது, மத்தபடி மெஷின் ஒழுங்காதான் ஓடும். ஆனா நிம்ஹெச் கடைசி வரைக்கும் அதே வோல்டேஜ்ல நின்னுட்டு பொசுக்குன்னு விழும், அதனால ஆ செட்டை பையில வெச்சுக்கோங்க.

மெஷின் நின்ன உடனே செல்லை கழட்டி மல்டிமீட்டர் வைங்க. லேட் பண்ணா வோல்டேஜ் தானா ஏறிக்கும், குட்டு தெரியாது. மூணு செல் 1.2 கிட்ட இருந்து ஒண்ணு மட்டும் 0.87 காட்டுச்சுன்னா அதான் குற்றவாளி. அடுத்த தடவையும் அதே நம்பர் செல்தான் விழுதுன்னா அந்த செட்டையே டிவி ரிமோட்டுக்கு இறக்கிடுங்க.

கமெண்ட்ல கேட்டதுக்காக சேர்த்தது

செல்லை போட்டா சார்ஜர் எடுக்கவே மாட்டேங்குது, எர்ரர் வருதுன்னு கேட்டிருந்தாங்க. ரொம்ப கீழ இறங்கின செல்லை ஸ்மார்ட் சார்ஜருக்கு அடையாளம் தெரியாது. வீட்ல பழைய மொக்கை சார்ஜர் இருந்தா அதுல 10 நிமிஷம் போட்டு, பக்கத்துலயே இருந்து, அப்புறம் ஸ்மார்ட் சார்ஜருக்கு மாத்துங்க.

யூஎஸ்பி ஓட்டை வெச்ச 1.5 வோல்ட் லித்தியம் செல் போடலாமா? என்னைக் கேட்டா வேணாம். உள்ள வோல்டேஜை குறைக்க ஒரு ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கு, அதோட இரைச்சல் டிடெக்டருக்கு கேக்க வாய்ப்பு இருக்கு, ஒண்ணுமே இல்லாத இடத்துல கீச் கீச்னு கத்தும்.

அதைவிட டேஞ்சர் 14500ங்கற லித்தியம் செல். பாக்க அச்சு அசல் ஏஏ மாதிரியே இருக்கும், ஆனா ஒண்ணு 3.7 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 4.2. நாலு போட்டா 16.8, 6 வோல்ட் மெஷின் தாங்காது. லி 500ல ரெண்டு வகையும் சார்ஜ் ஆகும்ங்கறதால வீட்ல கலந்து போக வாய்ப்பு அதிகம், தனித்தனி டப்பால வைங்க.

மண்டபம், மால்ல செக்யூரிட்டி கையில வெச்சிருக்க டிடெக்டர்ல பெரும்பாலும் 9 வோல்ட் சதுர பேட்டரிதான். அதுல ரீசார்ஜபிள் வாங்கறப்ப லேபிளை பாருங்க, 7.2, 8.4, 9.6ன்னு மூணு வகை இருக்கு. 7.2 போட்டா சில மெஷின் ஆரம்பத்துலயே லோ பேட்டரி காட்டும், 8.4 வாங்குங்க, சார்ஜரும் அந்த வோல்டேஜுக்கானதுதானான்னு பாத்துக்கோங்க. ஏஏ சார்ஜர்ல இது உக்காராது.