கோழித்தொடையில் நுண்ரத்தக்குழாய் தைக்கப் பழகுவது

ஆய்வக எலியில் பழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கும் கறிக்கோழித் தொடைக்கு அது வேண்டாம். அதில் சுமார் 2 மி.மீ. தமனி இருக்கிறது, தொடக்கநிலைக்கு அது தாராளம்.

உருப்பெருக்கத்துக்கு, செல்போன் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் இரட்டைக்கண் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் போதும். அதன் அடியில் 0.5 எக்ஸ் லென்ஸ் மாட்டுங்கள். இல்லாவிட்டால் கருவி நுழைய இடமிருக்காது. போன் கேமராவை நிறுத்தி, திரையைப் பார்த்துத் தைப்பவர்களும் உண்டு. ஆழம் தெரியாததால் ஊசி எந்தச் சுவரில் இருக்கிறது என்று குழம்பும், முடிச்சுப் பழக மட்டும் அது போதும். கூர்முனை ஃபோர்செப்ஸ் இரண்டை மொபைல் உதிரிபாகக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். நீடில் ஹோல்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: மலிவானதில் ஊசி உருளும். காலாவதியான 8-0, 9-0 நைலான் தையல் நூலை (முன் எண் கூடக் கூட நூல் மெல்லியது) அறுவை அரங்கில் கேட்டு வாங்கி, ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று எழுதி வையுங்கள்.

முதலில் லேடெக்ஸ் கையுறைத் துண்டு. தெர்மோகோலில் குண்டூசியால் தளர்வாகக் குத்தி, 1 செ.மீ. கீறி, மி.மீ.க்கு ஒன்றாக 8-0இல் தையுங்கள். அடுத்தது நம்மூர் வாழையிலை. நரம்போடு ஒட்டிக் கீறினால் தையல் தாங்கும். நரம்புக்குக் குறுக்கே கீறித் தைத்தால், கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் நூல் நரம்புகளுக்கு இடையே வழுக்கிக் கிழித்துவிடும். கை எவ்வளவு மென்மையானது என்பதை இலையே சொல்லிவிடும்.

தொடையைத் துண்டு போடாமல் முழுசாக வாங்குங்கள். தோலை உரித்து, எலும்புக்குப் பின்புறத் தசைகளை விலக்கினால் வெள்ளைக் கயிறு போலத் தடித்த நரம்பு தெரியும். தமனியும் சிரையும் அதை ஒட்டியே ஓடும். தமனியை இரண்டு, மூன்று செ.மீ. விடுவித்து, கிளைகளை வெட்டுங்கள். இரு முனையும் தசையிலேயே இருக்கட்டும். அப்போதுதான் நடுவில் வெட்டிய பிறகு முனைகள் அதிகம் விலகாது, கிளாம்ப் இல்லாமலே சமாளிக்கலாம். அடியில் நீல பலூன் துண்டைச் செருகுங்கள், நூல் கண்ணுக்குத் தெரியும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த நீரைச் சொட்டிக்கொண்டே இருங்கள். இங்குள்ள மே மாத வெயிலில் குழாய் சீக்கிரமே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

தமனியை நடுவில் வெட்டுங்கள். முனையிலுள்ள தளர்ந்த வெளியுறையைச் சட்டைக் கை போல முன்னுக்கு இழுத்து, ஒரே வெட்டில் நீக்குங்கள். அது உள்ளே தொங்கினால் உண்மையான நோயாளிக்கு ரத்தம் உறையும். முதல் இரு தையல்களும் 120 பாகை இடைவெளியில் 9-0இல் விழட்டும். பின்சுவர் தானாகத் தாழ்ந்து விலகும், ஊசியில் மாட்டாது. முன்பக்கத்தை முடித்துவிட்டு, குழாயைத் திருப்பி மிச்சத்தைத் தையுங்கள். மொத்தம் எட்டிலிருந்து பத்து. விளிம்பிலிருந்து சுவர்த் தடிப்பைப் போல இருமடங்கு தள்ளி ஊசி நுழையட்டும். குழாய்ச் சுவரைக் கவ்வாமல் மிச்சமிருக்கும் வெளியுறையை மட்டும் பிடியுங்கள். ஊசியை அதன் வளைவின்படியே இழுங்கள், நேராக இழுத்தால் துளை கிழியும். முழங்கை முதல் சுண்டுவிரல் ஓரம் வரை மேஜையில் பதிந்திருந்தால் நடுக்கம் குறையும்.

முடிந்ததும் மஞ்சள் நிற 24 கேஜ் கேனுலா வழியாக நீலமை கலந்த நீரை மெல்லச் செலுத்துங்கள். லேசாகக் கசிந்தால் பரவாயில்லை, பீய்ச்சினால் இடைவெளி அதிகம். நீர் போகவே இல்லையென்றால் பின்சுவர் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். இதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். குழாயை நீளவாக்கில் பிளந்து, உட்புறத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். உள்மடிந்த விளிம்பு, சமமில்லாத இடைவெளி, மாட்டிய நூல் எல்லாம் அங்கேதான் தெரியும். தவறு எந்தத் தையலில் என்று குறித்து வைத்துக்கொண்டு, அதே தொடையில் இன்னும் கீழே, முழங்கால் பக்கம் குழாய் மெலியும் இடத்தில் மறுபடி தொடங்கலாம்.

இந்தத் தொடை குழம்புக்குப் போகக் கூடாது. பச்சைக் கறியில் சால்மோனெல்லா இருக்கலாம் என்பதால் சமையலறைப் பக்கமும் வேண்டாம். ஊசிகளை எண்ணி எடுத்த பிறகே கறியைக் குப்பையில் போடுங்கள், தெருநாய் தின்னும்.