சார்தீனியாவை 'ஸ்பெயின் காலனி' என்று எழுதிவிடாதீர்கள்

இன்று இத்தாலியைச் சேர்ந்த மத்தியதரைக் கடல் தீவு சார்தீனியா. ஸ்பெயின் மன்னர்கள் காலத்து அந்தத் தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் 'ஸ்பெயினின் காலனி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அடிப்படைத் தவறே அதுதான். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் ஸ்பெயினின் காஸ்டீலையும் ஆண்டார், இத்தாலியின் நேப்பிள்ஸையும் ஆண்டார். ஆனால் அந்தத் தீவுக்கு அவர் சார்தீனியாவின் அரசர். அதற்கெனத் தனி நாடாளுமன்றம் இருந்தது, தனிச் சட்டம் இருந்தது, 1564-இல் அவரே அமைத்த உயர் நீதிமன்றமும் இருந்தது. சிசிலியை இத்தாலி ஆலோசனைச் சபைக்கு மாற்றிய பிறகும் சார்தீனியா, ஸ்பெயினின் இன்னொரு அரசான அரகோனின் சபைக்குக் கீழேயே இருந்தது. சிசிலியையும் சார்தீனியாவையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட வேண்டாம்.

அடுத்து, தீவை வென்ற அரகோன்காரர்கள் தங்கள் சட்டத்தைத் திணித்திருப்பார்கள் என்று நாமாகவே நினைத்துக்கொள்வது. அரகோனை எதிர்த்து நின்ற அர்போரேயா என்ற தீவு அரசின் ஆட்சியாளர் எலியனோரா, 1392 வாக்கில் தீவின் சார்து மொழியிலேயே 'கார்தா தெ லோகு' என்ற சட்டத்தொகுப்பை வெளியிட்டார். 'லோகு' என்றால் இடம், நாடு. 1421-இல் அந்த எதிரியின் சட்டத்தையே அரகோன் மன்னர் ஐந்தாம் அல்ஃபோன்சோ பிரபுக்களின் நிலமெங்கும் செல்லுபடியாக்கினார். 1827 வரை அது உயிரோடு இருந்தது. அதன் 21-ஆம் அத்தியாயத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணமாகாத பெண்ணைப் பலாத்காரம் செய்தவன், அவள் சம்மதித்தால் மட்டுமே அவளை மணக்கலாம். இல்லையென்றால் அபராதம் கட்டுவதோடு, அவள் வேறொருவரை மணக்கச் சீதனமும் தர வேண்டும். கட்டத் தவறினால் கால் போகும். தண்டனை கொடூரம்தான். ஆனால் 'அவள் விரும்பினால்' என்ற அந்தச் சொல்லை 14-ஆம் நூற்றாண்டுச் சட்டத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. சரி, இது தீவு முழுக்கச் செல்லுமா என்றால், இல்லை. தலைநகர் காலியாரி போன்ற, மன்னரின் நேரடி ஆட்சியில் இருந்த அரச நகரங்களுக்குத் தனிச் சலுகைச் சாசனங்கள் இருந்தன.

நாடாளுமன்றம் வெறும் தலையாட்டி என்பதும் தவறு. குருமார், பிரபுக்கள், அரச நகரங்கள் என அதில் மூன்று பிரிவுகள். மன்னருக்கு வரிப்பணம் தரும் முன் அவை கோரிக்கைகளை வைத்துப் பேரம் பேசின. பிரபுக்களில் ஒருவரான லாக்கோனி கோமான் முன்னின்று, 'தீவின் பதவிகள் தீவுக்காரருக்கே, பிறகுதான் பணம்' என்று பிடிவாதம் பிடித்த நாடாளுமன்றக் கூட்டம் முறிந்தது. 1668 ஜூனில் அவரைக் கொன்றார்கள். அடுத்த மாதமே மன்னரின் பிரதிநிதியான வைஸ்ராய் காமராசா காலியாரித் தெருவில் வண்டியில் போகும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். லாக்கோனியைக் கொன்றது வைஸ்ராயின் ஆட்கள்தான் என்று மட்டும் அடித்து எழுதாதீர்கள். லாக்கோனியின் வீட்டுக்குள் இருந்த காதல் விவகாரம்தான் காரணம் என்ற பேச்சும் அன்றே இருந்தது.

அப்புறம், 1720-இல் தீவு, வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியை ஆண்ட சவாய் வம்சத்தின் கைக்குப் போனதோடு தனி இராச்சியம் மறைந்துவிடவில்லை. சவாய் மன்னர்கள் நாடாளுமன்றத்தை முறைப்படி கூட்டவில்லை, அவ்வளவுதான். தீவின் தனி அமைப்புகள் சட்டப்படி முடிவுக்கு வந்தது 1847-இல், காலியாரியிலிருந்தும் சாசரியிலிருந்தும் போனவர்களே கேட்டு வாங்கிய, சவாய் மன்னரின் பெருநிலப் பகுதிகளோடான 'முழு இணைப்பால்'.