குச்சி ஐஸிலிருந்து கருங்கல் வரை: மாக்மா உருகி உறைவதைச் சமையலறையில் பார்க்கலாம்

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் கறுப்புக் கல் பதித்திருக்கிறோம். விற்ற கடைக்காரர் ‘பிளாக் கிரானைட்’ என்றார். உண்மையான கிரானைட் வெளிர் நிறம் கொண்டது. கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ என்ற வேறு கருநிறப் பாறைகள். வியாபாரத்துக்கு அந்தப் பெயர் போதும். ஆனால் கறுப்பும் வெளுப்பும் ஏன் என்று கேட்டால், பூமிக்குள் பாறை எப்படி உருகி மாக்மா என்ற குழம்பானது, உறைவதற்குள் அதற்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்ற கதைக்குள் போக வேண்டும்.

தேவையானவை: குச்சி ஐஸ் ஒன்று, ஐஸ் கட்டிகள், கல் உப்பு, நன்னாரி சர்பத், சர்க்கரை, ஒரு பூதக்கண்ணாடி.

படி 1: பூமிக்குள் நெருப்புக் கடல் இல்லை

நம் காலடியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்ற படத்தை முதலில் மனத்திலிருந்து அழித்துவிடுங்கள். மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் வரை இருக்கும் கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப்பாறைதான். திரவத்துக்குள் புக முடியாத ஒருவகை நிலநடுக்க அலை அதனுள் தாராளமாகப் போய்வருகிறது. அத்தனை சூட்டிலும் அது உருகாமலிருப்பதற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம்.

பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போய்விடுகிறது. அழுத்தம் அதைத் திரவமாகவே பிடித்து வைத்திருக்கிறது. அவசரப்பட்டு மூடியைத் திறப்பவர் வீட்டில் பருப்பு கூரையில் இருக்கும். (இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) கவசப்பாறையும் அப்படித்தான். அது மெல்ல மேலே ஏறும்போது பாரம் குறைகிறது. புதிதாக ஒரு துளி வெப்பமும் சேராமலேயே உருகத் தொடங்குகிறது. கடலடியில் நீளும் மலைத்தொடர்களான நடுக்கடல் முகடுகளில் இதுதான் இடைவிடாமல் நடக்கிறது.

படி 2: ஐஸின் மேல் உப்பு

இரண்டு ஐஸ் கட்டிகளைத் தட்டில் வையுங்கள். ஒன்றின் மேல் மட்டும் கல் உப்பைத் தூவுங்கள். உப்பு பட்ட கட்டி முதலில் குழிந்து உருகும். உப்பு அதைச் சூடாக்கவில்லை; உருகுநிலையைக் கீழே இறக்கிவிட்டது.

பாறைக்கு அந்த உப்பு, தண்ணீர். கடல்தளத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் புதையும்போது, கனிமங்களுக்குள் பூட்டிய தண்ணீரையும் எடுத்துச் செல்கிறது. ஆழத்தில் அது கசிந்து மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஏற, பாறை உருகுகிறது. அந்தமானிலுள்ள பாரன் தீவு இப்படிப் பிறந்ததுதான். இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிவிட்டு 1991-ல் விழித்தது. சென்னைத் துறைமுகத்தில் அந்தமான் கப்பலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

மூன்றாவது வழியும் உண்டு: மேலேறி வரும் குழம்பின் சூட்டில் பக்கத்துப் பாறையே உருகிவிடுவது. அதற்குத் தனிச் சோதனை வேண்டாம்.

படி 3: குச்சி ஐஸை உறிஞ்சுங்கள்

நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும். குச்சியில் வெளுத்த, சுவையற்ற பனிக்கட்டி மிஞ்சும். பாறையும் முழுவதுமாக உருகுவதில்லை. எளிதில் உருகும் பகுதி முதலில் கழன்று வருகிறது. அதனால்தான் மாக்மாவும் அது பிறந்த பாறையும் ஒன்றல்ல. கவசப்பாறை சிறிதளவு உருகினால் கிடைப்பது, அதைவிடச் சிலிக்கா (மணலில் நிறைந்திருக்கும் பொருள்) கூடிய குழம்பு; அது உறைந்தால் பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை. அந்தக் குழம்பின் சூடு 1,100 முதல் 1,200 டிகிரி வரை இருக்கும்.

படி 4: சர்பத்தை உறைய வையுங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள்

நன்னாரி சர்பத்தைத் தண்ணீர் கலந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஓரங்களில் பனி பிடித்து நடுவில் திரவம் இருக்கும்போதே எடுத்து, திரவத்தை வேறு டம்ளருக்கு மாற்றுங்கள். இரண்டையும் ருசித்துப் பாருங்கள். பனி வெளிறிச் சப்பென்றிருக்கும். திரவம் கறுத்துத் தித்திக்கும்.

முதல்முறை நான் இரவு முழுக்க மறந்துவிட்டேன். காலையில் டம்ளர் முழுவதும் ஒரே கட்டி, பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. பிறகு யோசித்தால் அதுவும் பாடம்தான்: உறைந்ததை விலக்கினால்தான் மிஞ்சுவதன் சேர்மானம் மாறும்.

பூமிக்குள் ஒலிவின், பைராக்ஸீன் என்ற கனிமங்கள் முதலில் படிகமாகி, கனம் தாங்காமல் அடியில் தங்கலாம். அவை இரும்பையும் மெக்னீசியத்தையும் கொண்டுபோய்விடுவதால், எஞ்சும் குழம்பில் சிலிக்கா கூடிக்கொண்டே வரும். கடைசியில் வெளிர் கனிமங்களான பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் உறையும். இந்த வரிசையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையியலாளர் நார்மன் போவன் உலையில் கனிமக் கலவைகளை உருக்கி, நடுவே சட்டென்று குளிர்வித்துக் கண்டறிந்தார். மேடைக்கல் ஏன் கறுப்பு என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது: இரும்பும் மெக்னீசியமும் பிரிந்துபோவதற்கு முன்பே உறைந்த குழம்பு அது.

சிலிக்கா கூடக்கூடக் குழம்பின் நடையும் மாறும். பசால்ட் ஓரளவு ரசம்போல ஓடும். சிலிக்கா மிகுந்தது களிபோல இறுகும். வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். குதிகால் தேய்க்க நாம் வாங்கும் நுரைக்கல், அப்படி வெடித்தபோது குமிழியோடு உறைந்த கண்ணாடிதான்.

படி 5: பாகும் கற்கண்டும்

சர்க்கரைப் பாகைக் கடலைமிட்டாய்ப் பதத்துக்கும் மேலே, தண்ணீரில் விட்டால் ‘டக்’கென்று உடையும் வரை காய்ச்சித் தட்டில் மெல்லியதாக ஊற்றுங்கள். கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொள்ளும். சிறுவர்கள் தள்ளியே நிற்கட்டும். ஆறியதும் படிகமே இல்லாத கண்ணாடித் தகடு கிடைக்கும். எரிமலைக் கண்ணாடியான ஆப்சிடியன் இதன் உறவு. இன்னொரு பங்குச் சர்க்கரையைச் சூடான தண்ணீரில் கரையுமளவு கரைத்து, நூல் தொங்கவிட்டு, இரண்டு வாரம் அசைக்காமல் வையுங்கள். கற்கண்டு வளரும். அது கரைசலிலிருந்து வளர்வது, உருகலிலிருந்து அல்ல. ஒப்புமை அந்த இடத்தில் நொண்டுகிறது. ஆனாலும் அவகாசம் கிடைத்தால் படிகம் பெரிதாகும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

படி 6: கல்லை வாசியுங்கள்

மேடைக்கல்லின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். கறுப்புக்கு நடுவே சிறுசிறு குச்சிகளாகச் சாம்பல் படிகங்கள் குறுக்கும் நெடுக்கும் கிடந்தால் அவை பிளேஜியோகிளேஸ் (ஃபெல்ட்ஸ்பாரில் ஒரு வகை). சுற்றியிருக்கும் கறுப்பு பைராக்ஸீன். அத்தனையும் நுணுக்கமாக இருந்தால் அது டோலரைட். விரிசலுக்குள் புகுந்து ஓரளவு விரைவாக ஆறியது. தரையில் வழிந்து ஆறிய பசால்ட்டில் மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியாது. ஆழத்தில் நெடுங்காலம் ஆறிய கிரானைட்டில் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், சாம்பல் குவார்ட்ஸ், மினுக்கும் காக்காப்பொன் மூன்றையும் விரல் வைத்துத் தனித்தனியே காட்டலாம்.

அடுத்து, தெருவோர ஜல்லிக் குவியலிலிருந்து கரும்பச்சைச் சாயலும் எண்ணெய்ப் பளபளப்பும் உள்ள துண்டு ஒன்றை எடுங்கள். (மலையை யாரும் உடைக்க வேண்டாம்.) சென்னையில் அது பெரும்பாலும் சார்னகைட். பல்லாவரமும் பரங்கிமலையும் இந்தக் கல்தான். கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லைப் பார்த்து, 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரைச் சூட்டினார். அவர் இதை மாக்மா உறைந்த தீப்பாறை என்றே எடுத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் பலர், மேலோட்டின் அடியாழத்தில் தண்ணீர் குறைந்த கடும் சூட்டில் மறுபடி வெந்து உருமாறிய பாறை என்றார்கள்.

எங்கள் வீட்டு அலமாரியில் தீப்பாறைகளுக்கு ஒரு தட்டு, உருமாறிய பாறைகளுக்கு ஒரு தட்டு. பல்லாவரத்துத் துண்டை மட்டும் தீப்பாறைத் தட்டில் வைப்பேன். ஒரு மாதம் கழித்து மற்றதற்கு மாற்றுவேன். இப்போதைக்கு அது ஜன்னல் திட்டில் இருக்கிறது.