லேசர் பிரின்டரை யார் பயன்படுத்தலாம்? டெர்மினலிலிருந்து அனுமதி கொடுப்பது எப்படி

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் பல்ப், அதாவது மாம்பழக்கூழ், ஃபேக்டரிகளுக்குத் தூக்கம் கிடையாது. பெங்களூரா ரக மாங்காய் லோடு ஏற்றிய வண்டிகள் ராத்திரியிலும் எடைமேடைக்கு வரிசை கட்டும். அப்படி ஒரு ஃபேக்டரி ஆபீஸின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் ஐந்து, எல்லாமே உபுண்டு என்ற லினக்ஸ். எடைச்சீட்டுக்குத் தனியாகச் சின்ன பிரின்டர் உண்டு. பில்லும் வவுச்சரும் அடிக்க அக்கவுன்ட்ஸ் அறையில் ஒரு லேசர். நெட்வொர்க்கில் இருப்பதால் ஐந்து கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் அடிக்கலாம். சிக்கலே அதுதான்.

"தம்பி, காலையில வந்து பார்த்தா டிரேயில யாரோ பையனோட ஸ்கூல் ஃபாரம் நாப்பது காப்பி கிடக்குது. டோனர் காசை யார் கொடுப்பாங்க?" என்று அக்கவுன்ட்ஸ் அக்கா போன் போட்டார். அன்று செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு விஷயம்: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'எல்பி' என்று வருமிடத்தில் எல், பி என்ற இரண்டே எழுத்துகள். லைன் பிரின்டர் என்பதன் சுருக்கம். '-பி' என்பது பிரின்டரின் முதல் ஆங்கில எழுத்து, '-டி' என்பது டோரின் முதல் ஆங்கில எழுத்து. காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக்கூடாது.

முதலில் பிரின்டரின் பெயர்

லினக்ஸிலும் மேக்கிலும் பிரின்ட் வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். நெட்வொர்க்கில் அது 631-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், காத்திருக்கும். பிரின்டரைப் பகிர்ந்திருக்கும் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரத்தை) திறந்து இதைத் தட்டுங்கள்:

எல்பிஸ்டாட் -எல் -பி

ஒவ்வொரு பிரின்டரின் பெயரும் விவரமும் வரும். எங்களுடையதன் பெயர் 'லேசர்1'. விவரத்தில் 'யூசர்ஸ் அலவ்டு' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே 'ஆல்' என்றிருந்தால் கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம்.

பெயர்ப்பட்டியல்

சரி, இப்போது கதவைச் சாத்துவோம். அக்கவுன்ட்ஸ், மேனேஜர் இருவருக்கு மட்டும் அனுமதி:

சூடோ எல்பிஅட்மின் -பி லேசர்1 -யூ அலவ்:அக்கவுன்ட்ஸ்,மேனேஜர்

'சூடோ' (எஸ், யூ, டி, ஓ) என்றால் நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கு என்று அர்த்தம். '-பி' பிரின்டரைக் குறிக்கும், '-யூ' பயனர்களை. எல்லோருக்கும் விட்டு ஒருவரை மட்டும் தடுக்க வேண்டுமானால் 'அலவ்' இருக்கும் இடத்தில் 'டினை' போட்டு அவர் பெயரை எழுதலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. நாளைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் அவருக்கும் தானாகவே வழி கிடைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன். இரண்டு நாள் கழித்து ஸ்டோர்ஸுக்கும் அனுமதி கேட்டார்கள். 'அலவ்:ஸ்டோர்ஸ்' என்று மட்டும் தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் போன். அக்கவுன்ட்ஸில் பிரின்ட் வரவில்லை, பணம் வாங்க வியாபாரிகள் நிற்கிறார்கள். காரணம் இதுதான்: இந்தக் கட்டளை பழைய பட்டியலில் பெயரைச் சேர்ப்பதில்லை, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. ஒருவரைச் சேர்ப்பதென்றாலும் எல்லாப் பெயரையும் மறுபடி எழுத வேண்டும். 'அலவ்' பட்டியல் இருக்கும்போது 'டினை' கொடுத்தாலும் இதே கதிதான், முன்னது போய்விடும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட் பயனருக்கு இங்கே தனிச் சலுகை கிடையாது. பட்டியலில் ரூட் இல்லையென்றால் ரூட்டாலும் அடிக்க முடியாது.

பெயரை விட்டுக் குழுவுக்கு மாறுங்கள்

சீசனுக்கு என்று ஆட்கள் வருவார்கள், ஆகஸ்டில் போய்விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் எழுதிக்கொண்டிருந்தால் என்றாவது ஒரு பெயர் விட்டுப்போகும். அதனால் ஒரு குழுவை உருவாக்கி, அந்தக் குழுவுக்கு அனுமதி கொடுப்பதுதான் நிம்மதி:

சூடோ குரூப்ஆட் பில்லிங்
சூடோ யூசர்மாட் -ஏஜி பில்லிங் அக்கவுன்ட்ஸ்
சூடோ எல்பிஅட்மின் -பி லேசர்1 -யூ அலவ்:@பில்லிங்

முதல் வரி குழுவை உருவாக்குகிறது. இரண்டாவது, ஆளைச் சேர்க்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒருமுறை தட்டுங்கள். மூன்றாவதில் பெயருக்கு முன்னால் இருக்கும் @ குறிதான் 'இது ஆள் அல்ல, குழு' என்று கப்ஸுக்குச் சொல்கிறது. பயனர் கணக்குகள் சர்வரிலும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வரியில் 'ஏ' சிற்றெழுத்து, 'ஜி' மட்டும் பேரெழுத்து. அந்த 'ஏ' விட்டுப்போனால் அந்த ஆள் ஏற்கெனவே இருந்த மற்ற குழுக்களிலிருந்து வெளியேற்றப்படுவார். உங்கள் கணக்குக்கே அப்படிச் செய்துவிட்டால் சூடோ உரிமையும் சேர்ந்து போகும். எழுத்து ஒன்றுதான், வேலை அரை நாள்.

சோதித்துப் பாருங்கள்

எடைமேடைக் கணக்கின் பெயர் 'வெய்ட்' என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆளை எழுப்பத் தேவையில்லை, சர்வரிலிருந்தே அவர் பெயரில் முயலலாம்:

சூடோ -யூ வெய்ட் எல்பி -டி லேசர்1 /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

கடைசியில் இருப்பது கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சின்னக் கோப்பு, சோதனைக்கு மட்டும். பிரின்ட் செய்ய அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தால் வேலை முடிந்தது. தாள் வெளியே வந்தால் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் அனுமதி உள்ளவர் பெயரிலும் ஒருமுறை சோதியுங்கள். காவேரிப்பட்டணம் வரை போய்த் திரும்பி வந்தவன் சொல்கிறேன்.

எங்கே ஓட்டை இருக்கிறது

இந்த அனுமதி, வருபவர் சொல்லும் பெயரை நம்புகிறது. கடவுச்சொல் கேட்பதில்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே பெயரில் லாகின் செய்யும் ஆபீஸில் இது எதற்கும் உதவாது. முதலில் ஆளுக்கொரு கணக்கு போடுங்கள். விவரமான பையன் ஒருவன் வேறொருவர் பெயரைச் சொல்லியும் அடித்துவிடலாம். அதைத் தடுக்க கப்ஸின் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் கேட்கும்படி செய்ய வேண்டும். ஆரம்பத்திலேயே அதில் கை வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, பிரின்டருக்கே நெட்வொர்க்கில் சொந்த ஐபி முகவரி இருப்பது. யார் வேண்டுமானாலும் சர்வரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பிரின்டருக்கே அனுப்பலாம், நம் பட்டியல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். நான் அந்த லேசரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பி வழியாகச் சர்வரில் மாட்டினேன். அது முடியாத இடத்தில், பிரின்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தில் சர்வரின் ஐபியை மட்டும் அனுமதிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதி இருப்பவரே அளவில்லாமல் அடித்தால் அதற்கும் வழி உண்டு:

சூடோ எல்பிஅட்மின் -பி லேசர்1 -ஓ ஜாப்-கோட்டா-பீரியட்=86400 -ஓ ஜாப்-பேஜ்-லிமிட்=200

86400 என்பது ஒரு நாளின் நொடிக்கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 பக்கம். இரண்டு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வேலை செய்யும். இந்த வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். மேனேஜருக்கு மட்டும் கூட்டித் தர முடியாது. அவருக்கும் அதைச் சொல்லிவிட்டேன்.

சீசன் முடிந்து ஒருவர் கிளம்பும்போது பிரின்டரைத் தொடவே வேண்டாம், குழுவிலிருந்து எடுத்தால் போதும்:

சூடோ ஜிபாஸ்வேர்டு -டி ஸ்டோர்ஸ் பில்லிங்

இரண்டாவது சொல்லைத் தட்டும்போது ஜி, பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. இதில் 'பாஸ்வேர்டு' முழுதாக வராது. எல்லாவற்றையும் கலைத்துப் பழையபடி திறந்துவிட வேண்டுமானால் '-யூ அலவ்:ஆல்'.