வானவில்லின் ஆவிக்குரிய அர்த்தம்: கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தில் வானவில் வரும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரம், எசேக்கியேல் 1:28, வெளிப்படுத்தின விசேஷம் 4:3, பிறகு 10:1. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் வாசிக்கும் சீராக்கின் ஞானம் என்ற நூலையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் இரண்டு இடம். ஆனால் வானவில்லைப் பற்றிப் பிரசங்கங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் வலம்வரும் விளக்கங்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் பல, வசனத்தில் இல்லாததை வசனத்தின் தலையில் ஏற்றிவைப்பவை.

பெரும்பாலான குழப்பங்கள் தொடங்கும் இடம் ஒன்றுதான்: வானவில் யாருக்கான நினைவூட்டல் என்பதைக் கவனிக்காமல் விடுவது. "நமக்கு நம்பிக்கை தருவதற்காக தேவன் வானவில்லை வைத்தார்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆதியாகமம் 9:14–16-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். மேகத்தில் வில் தோன்றும்போது அதைப் பார்ப்பவர் தேவன், உடன்படிக்கையை நினைவுகூருபவரும் அவரே. நோவாவிடம் "நீ இதைப் பார்த்து நினைத்துக்கொள்" என்று ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. மனிதன் அதைப் பார்த்து ஆறுதல் அடையலாம், அதில் தப்பில்லை. ஆனால் உடன்படிக்கை நிற்பது நம் ஞாபகசக்தியை நம்பி அல்ல, தேவன் தம்மைத்தாமே கட்டிக்கொண்ட வாக்கை நம்பி.

இதை விட்டுவிட்டால் அடுத்த தவறு தானாக வந்து சேரும். நோவாவின் கீழ்ப்படிதலுக்குக் கிடைத்த பரிசு வானவில் என்று எண்ணத் தோன்றும். கதை அப்படிப் போகவில்லை. 6:5-இல், மனிதனுடைய இருதயத்து நினைவுகள் எப்போதும் பொல்லாதவை என்பது ஜலப்பிரளயத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 8:21-இல் பிரளயம் முடிந்து பலிபீடத்தில் புகை எழும்பும் நேரம். அங்கேயும் ஏறக்குறைய அதே வார்த்தைகள். இந்த முறை அவை இனி பூமியைச் சபிக்க மாட்டேன் என்ற தீர்மானத்தோடு சேர்ந்து வருகின்றன. மனிதன் மாறவில்லை, தண்ணீர் அவனைத் திருத்தவும் இல்லை, ஆனாலும் வாக்கு கொடுக்கப்படுகிறது. இதில் இன்னொன்றையும் பாருங்கள். பேழை கட்டச் சொன்னதிலிருந்து வானவில் வரைக்கும் நோவா பேசியதாக ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. அவர் முதன்முதலாக வாய் திறப்பது 9:25-இல், திராட்சரசம் குடித்து வெறித்துக் கிடந்து எழுந்த பிறகு, அதுவும் ஒரு சாபத்துடன். வானவில்லுக்கு அடுத்த காட்சியே அதுதான். இதைப் பரிசளிப்பு விழாவாக ஆக்குவது கதைக்குச் செய்யும் அநியாயம்.

உடன்படிக்கையின் மறுபக்கத்தில் நிற்பவர்களையும் நாம் குறைத்துவிடுகிறோம். நோவாவும் அவருடைய சந்ததியும் மட்டும் அல்ல. பறவைகள், நாட்டு மிருகங்கள், காட்டு மிருகங்கள் என்று 9:10 பட்டியலே போடுகிறது. விசுவாசிகளுக்கு மட்டும், நம் சபைக்கு மட்டும் என்று வேலி போட முடியாத வாக்குத்தத்தம் இது.

சரி, அப்படி எல்லா ஜீவராசிகளுக்கும் பொதுவான ஓர் அடையாளத்தை எனக்கு மட்டும் வந்த தனிச்செய்தியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? விசா கிடைக்குமா, இந்த வரன் அமையுமா, இந்த வேலையில் சேரலாமா என்று ஜெபித்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறோம், வானவில் தெரிகிறது, பதில் வந்துவிட்டது என்கிறோம். வானவில் தெரிவதற்கு வேண்டியது முதுகுக்குப் பின்னால் சூரியனும் முன்னால் மழைத்துளிகளும். ஜெபிக்காதவனுக்கும் அது தெரியும்.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1525-இல் ஜெர்மனியில் விவசாயிகள் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். தாமஸ் முன்ட்சர் என்ற போதகர் அவர்களோடு நின்றார். அவருடைய கூட்டம் பிடித்திருந்த கொடியில் வானவில் வரையப்பட்டிருந்தது, நோவாவின் உடன்படிக்கையை நினைவூட்டும் விதமாக. மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசன் ஊருக்கு அருகில் படைகள் எதிரெதிரே நின்றபோது சூரியனைச் சுற்றி வானவில்போல ஒரு வளையம் தோன்றியதாம். கொடியில் இருப்பதே வானத்திலும் இருக்கிறது, தேவன் நம் பக்கம் என்று முன்ட்சர் முழங்கினார். ஒழுங்கான ஆயுதம்கூட இல்லாத விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். எதிர்ப்பக்கம் இழப்பு மிகக் குறைவு. முன்ட்சரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, மே 27 அன்று தலையை வெட்டினார்கள். அந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் நியாயம் நிறைய இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் ஆதியாகமம் 9-இல் போர் வெற்றிக்கு வாக்குத்தத்தம் ஏதும் இல்லை.

அப்படியானால் வாக்குத்தத்தத்தின் எல்லைதான் என்ன? மாம்சமான யாவையும் அழித்துப்போடும் ஜலப்பிரளயம் இனி வராது என்பதே (9:11). வெள்ளமே வராது என்று சொல்லப்படவில்லை. ஓர் ஊர் வெள்ளத்தில் மூழ்கும்போது இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "தேவன் வாக்கு மாறிவிட்டாரா?" என்று ஒரு தரப்பு, "அந்த ஊருக்கு இது நோவா காலத்துத் தண்டனை" என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே வசனத்தைத் தவறாக வாசிப்பதுதான். இரண்டாவது கூடுதல் கொடூரமும்கூட. வீட்டை இழந்து நிற்பவர்களிடம் சொல்லும் பேச்சா அது?

வானவில் என்றாலே இனிமை, இனி எல்லாம் சுகம் என்ற நினைப்பையும் கொஞ்சம் தட்டிப்பார்க்க வேண்டும். சிரிக்கும் ஒட்டகச்சிவிங்கியும் குட்டிப் பேழையுமாக ஞாயிறு பள்ளிப் படங்கள் நமக்குப் பழக்கிவிட்டது அது. எசேக்கியேலை எடுத்துக்கொள்ளுங்கள். தேசத்தை இழந்து, பாபிலோன் மண்ணில் கேபார் நதியருகே சிறைப்பட்டவர்கள் நடுவே இருக்கிறார். சிங்காசனத்தைச் சுற்றிலும், மழை நாளில் மேகத்தில் காணும் வில்லைப்போல ஒரு பிரகாசம் தெரிகிறது. அவர் ஆனந்தக் கூத்தாடவில்லை, முகங்குப்புற விழுகிறார். அடுத்து அவர் கைக்கு வருவது உள்ளும் புறமும் புலம்பலும் தவிப்பும் எழுதப்பட்ட சுருள் (2:10). வெளிப்படுத்தின விசேஷத்திலும் வானவில் சூழ்ந்த அதே சிங்காசனத்திலிருந்து மின்னலும் இடிமுழக்கமும் புறப்படுகின்றன.

இடைக்கால ஓவியர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பிரான்ஸின் போன் நகரில் உள்ள, ரோஜியர் வான் டெர் வெய்டன் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைந்த நியாயத்தீர்ப்பு ஓவியத்தைப் பாருங்கள். கிறிஸ்து வானவில்லின் மேலேயே அமர்ந்திருக்கிறார். முகத்தின் ஒரு பக்கம் லீலிப்பூ, மறுபக்கம் வாள். கீழே மிகாவேல் தூதர் ஆத்துமாக்களைத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கிறார். இரக்கமும் நியாயமும் ஒரே வில்லின் மேல்.

நிறங்களுக்கு அர்த்தம் கற்பிப்பது இன்னொரு வழக்கம். சிவப்பு இயேசுவின் இரத்தம், நீலம் பரலோகம், பச்சை புதுவாழ்வு என்று ஏழுக்கும் பட்டியல் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதிதான், தப்பென்று சொல்ல மாட்டேன். "வேதம் சொல்கிறது" என்ற முன்னுரையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆதியாகமம் ஒரு நிறத்தையும் குறிப்பிடவில்லை. பத்மு தீவில் யோவான் கண்ட வானவில் மரகதம்போல் இருந்தது. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த மகா கிரகோரி, எசேக்கியேலைப் பற்றிய தம் பிரசங்கத்தில் நீலத்தையும் சிவப்பையும் மட்டும் எடுத்து, நீரையும் நெருப்பையும் அவற்றில் கண்டார். ஏழு என்ற எண்ணிக்கையை நம் மனதில் பதித்ததில் நியூட்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1704-இல் வந்த தம் ஒளியியல் நூலில் அவர் நிறங்களை இசையின் ஏழு சுரங்களோடு பொருத்திப் பார்த்தார். ஏழு நிறம், ஆகவே தேவனுடைய பூரண எண் என்று கட்டும் பிரசங்கத்தின் அஸ்திவாரத்தில் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கைதான்.

இரட்டை வானவில் வந்தால் இரட்டிப்பு ஆசீர்வாதம் என்பதற்கும் வசன ஆதாரம் கிடையாது. மழைத்துளிக்குள் ஒளி இரண்டு முறை பிரதிபலித்து வெளிவருவதால் வருவது அது. வெளி வில்லில் நிறங்களின் வரிசையும் தலைகீழாக இருக்கும்.

விஞ்ஞான விளக்கம் தெரிந்துவிட்டால் விசுவாசம் போய்விடும் என்று பதறுகிறவர்களும் உண்டு. பிரளயத்துக்கு முன் வானவில்லே இருந்ததில்லை என்று நம்பினால்தான் வசனம் நிற்கும் என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதிகளில் லூத்தர் அப்படித்தான் எண்ணினார். கால்வின் ஒத்துக்கொள்ளவில்லை: ஏற்கெனவே இயற்கையாக இருந்த வில்லைத்தான் தேவன் அடையாளமாகப் பிரதிஷ்டை செய்தார் என்று தம் ஆதியாகம விளக்கவுரையில் எழுதினார். எனக்குக் கால்வின் சொல்வதே சரியாகப் படுகிறது. திருவிருந்து அப்பமும் அதற்கு முன் அப்பமாகத்தான் இருந்தது. ஆனால் இதை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளப்பது தேவையில்லாத சண்டை.

கடைசியாக, துக்க வீட்டில் செய்யும் தவறு. அடக்க ஆராதனை முடிந்து வரும்போது வானவில் தெரிந்தால், "பார்த்தீர்களா, அவர் பரலோகம் போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் வானவில் தெரியாத நாளில் அடக்கம் செய்த குடும்பம் அதைக் கேட்டால் என்ன நினைக்கும்? கிறிஸ்தவ விசுவாசம் மரித்தோரைப் பற்றிய நம்பிக்கையை இயேசுவின் உயிர்த்தெழுதலின் மேல் வைக்கிறது, அன்றைய வானிலையின் மேல் அல்ல. துக்கப்படுகிறவர் தாமாகவே வானவில்லைக் காட்டி "இது எனக்கு ஆறுதலாக இருக்கிறது" என்றால் திருத்தப் போக வேண்டாம். கூட நின்று பாருங்கள், போதும். நாமாக அதற்கு அர்த்தம் சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல்.