அரை கிலோமீட்டர்தான்னு சொன்னா நம்பாதீங்க
பெங்களூரு ஜெயநகர் பக்கம் வீடு தேடுறவங்களுக்கு. மேப்ல நேர்கோடு போட்டா மெட்ரோவுக்கு 500 மீட்டர்தான் காட்டும், புரோக்கரும் அதையேதான் சொல்வாரு, ஆனா நடந்தா 700 வரும், ஏன்னா மெயின் ரோட்டுல 400 போய் கிராஸ்ல, அதாவது குறுக்குத் தெருவுல, திரும்பி 300 போகணும். ஒவ்வொரு கிராஸ்லயும் வளைஞ்சு வளைஞ்சு போனா குறையும்னு நானும் ரொம்ப நாள் நெனச்சேன், ம்ஹூம், அதே 700 தான். நடுவுல கிரவுண்டு ஏதாவது இருந்து குறுக்கால போனாதான் லாபம். அந்த குறுக்கு தூரத்துக்கு ஸ்கொயர் ரூட்லாம் வேணாம், பெரிய பக்கத்துல எட்டுல ஒரு பங்கை கழிச்சுட்டு சின்ன பக்கத்துல பாதியை கூட்டுங்க, இங்க 400ல 50 போக 350, 300ல பாதி 150, மொத்தம் 500. ரெண்டும் 300னா 412 வரும், நெஜம் 424, பரவால்ல. ஆனா 800, 100 மாதிரி ஒரு பக்கம் குட்டியா இருந்தா சொதப்பிடும், அப்போ பெரிய பக்கத்தையே வச்சுக்கோங்க.