செந்தூருக்கு வந்தா கும்பிட்ட கையோட ஓடிராதீய: ரெண்டு நாள் இருந்து பாக்குறது எப்படி

நமக்கு வீடு பாளையங்கோட்டை. வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க யாரு வந்தாலும் ரெண்டாம் நாள் காலைல "அப்ப செந்தூர் போயிட்டு வந்துருவோமா" ன்னு திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கு வேன் பிடிச்சிருதாங்க. பத்து மணிக்குப் போய் இறங்கி உச்சி வெயில்ல கடல்ல கால நனைச்சு, வரிசைல நின்னு நின்னு இடுப்பு ஒடிஞ்சு, சாமி பாத்தது அரை நிமிஷம், சாயங்காலம் திரும்பி வந்து "அங்கன என்ன இருக்கு, ஒரே கூட்டம்"னு சொல்லுவாங்க. எனக்கு அதக் கேட்டா எரிச்சலா வரும். இந்த ஊருல பகல் பத்துல இருந்து மூணு வரைக்கும் ஒண்ணுமே கெடையாது, எல்லாம் விடியக்காலமும் பொழுதடைஞ்ச பொறவும்தான், ஆனா வாரவங்க எல்லாம் சரியா அந்த பத்து டு மூணுக்கு வந்து நிக்காங்க. அதனால மொத யோசனை இதுதான், ஒரு ராத்திரியாவது தங்குங்க.

எப்ப வாரதுன்னு கேட்டா தை பாதிக்கு மேல இருந்து பங்குனி வரைக்கும் நல்லது. தைப்பூசத்த ஒட்டி மட்டும் வேண்டாம், பச்ச வேட்டி கட்டிக்கிட்டு பாதயாத்திரைக்காரங்க ரோடு பூரா நடந்து வாராங்க, அது பாக்க அழகுதான், ஆனா ரூம் கெடைக்காது. ஐப்பசில கந்தசஷ்டி, சூரசம்ஹாரம் கடற்கரை மணல்லயே நடக்கும், வாழ்க்கைல ஒரு தடவ பாக்கணும், ஆனா சின்னப்பிள்ளைகளயும் வயசானவங்களயும் கூட்டிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ள போகாதீய. இப்ப கொஞ்ச வருஷமா பௌர்ணமி ராத்திரி கடற்கரைலயே படுத்துக் கெடக்குறது பெரிய பழக்கமாயிட்டு, அன்னைக்கு கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் தவிர்த்தா பாதி பாரம் கொறையும். ஆனி ஆடில மேக்க இருந்து அடிக்குற கச்சான் காத்து, கண்ணுல மண்ணு அடிக்கும். கார்த்திகை மார்கழில மழைய பாத்துக்கிட்டு வரணும். 2023 டிசம்பர்ல பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, தண்டவாளத்துக்கு அடில இருந்த ஜல்லியெல்லாம் அடிச்சிட்டுப் போயி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துலயே நின்னுட்டு, நூத்துக்கணக்கான சனம் ரயிலுக்குள்ளயும் ஸ்டேஷன்லயும் மாட்டிக்கிட்டு. அதுக்குப் பொறவு மார்கழின்னா நான் வானிலை பாக்காம கெளம்புறதில்ல.

வாரது ரயில்ல வாங்க. திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து பாசஞ்சர், அறுபது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரத்துல கொண்டு விட்ரும், டிக்கெட்டு டீ வட காசுதான். செய்துங்கநல்லூர் தாண்டுனா தாமிரபரணித் தண்ணில வெளஞ்ச வாழையும் வயலுமா பச்சப்பசேல்னு வரும், நாசரேத் குரும்பூர் தாண்டுனா மண்ணு நெறம் மாறி பனை வர ஆரம்பிக்கும், ஜன்னல் ஓரத்துல உக்காந்தியன்னா ஒரு மாவட்டமே மாறுறது கண்ணால தெரியும். பஸ்ஸுன்னா புது பஸ்ஸ்டாண்டுல ஏறலாம், அடிக்கடி இருக்கு, நடுவுல ஆழ்வார்திருநகரில இறங்கி நம்மாழ்வார் உக்காந்த உறங்காப்புளிங்குற புளியமரத்த பாத்துட்டு அடுத்த பஸ் ஏறுறவங்களும் உண்டு.

ரூம் விஷயத்துல நான் பட்டது ஒண்ணு. ஒரு லாட்ஜ்ல போன்ல பேசி அட்வான்ஸ் போட்டுட்டு வந்தா, அன்னைக்கு முகூர்த்த நாளுங்குறதால வேற ஆளுக்கு ரெண்டு மடங்குக்குக் குடுத்துட்டாங்க, "அண்ணாச்சி செத்த நேரம் இருங்க, ஒரு ரூம் காலியாகுது" ன்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வரவேற்புல பெட்டியும் கையுமா உக்காத்தி வச்சாங்க. கூட வந்த எங்க ஆச்சி சோபாலயே தூங்கிட்டா. அதுல இருந்து முகூர்த்த நாள் இருக்கான்னு காலண்டர் பாத்துட்டுதான் நாள் குறிக்கேன், நீங்களும் பாத்துக்கிடுங்க. இந்தக் கோயில்ல கல்யாணம் வைக்குறவங்க கொள்ள பேரு.

மொத நாள் மத்தியானம் வந்து இறங்கி சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்க. மூணரைக்கு ஒரு ஆட்டோவோ காரோ பேசி தேரிக்காட்டுக்குப் போங்க. மேலப்புதுக்குடில அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், பன்னெண்டு பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும், வரப்போக ரேட்டு முன்னாடியே பேசிருங்க. கடலுக்கு இவ்வளவு பக்கத்துல செக்கச்செவேல்னு மணக்காடு இருக்குன்னு சொன்னா மதுரைக்காரங்களே நம்ப மாட்டாங்க. மணல்ல இரும்புச்சத்து கலந்துருக்குறதால அந்தச் செவப்பு, காத்து அடிச்சு அடிச்சுக் குவிச்ச மேடுங்க, ஆடிக் காத்துக்கு மேடு இடம் மாறும்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க. நடுவுல அய்யனார் கோயில், பக்கத்துல சுனை, சுத்தி மரம், உள்ள நொழஞ்ச ஒடனே குளுகுளுன்னு ஆயிரும். இது பல குடும்பத்துக்குக் குலசாமி கோயில், பங்குனி உத்திரத்தன்னைக்கு மட்டும் வேடிக்கை பாக்கப் போகாதீய, அவங்க பொங்கல் விடட்டும். நாலு மணிக்கு முன்னாடி மணல்ல செருப்பு இல்லாம எறங்குனா கால் வெந்துரும், நான் வீராப்பா எறங்கி நாலு எட்டு வச்சிட்டு சட்டையக் கழத்திப் போட்டு அதுமேல நின்னவன். அஞ்சு மணி வெயில்ல அந்த மணல் இன்னும் ஒரு நெறம் ஏறும். வெள்ள வேட்டி கட்டிட்டுப் போனா திரும்பி வரும்போது கரை செவப்பா இருக்கும், தொவச்சாலும் லேசுல போகாது.

ராத்திரி கடற்கரைக்கு வந்து சும்மா உக்காருங்க. கடலை, மாங்கா, சுண்டல், வேற ஒண்ணும் வேண்டாம். வடக்க பாத்தியன்னா அமலிநகர், அதுக்கு அங்கிட்டு வீரபாண்டியன்பட்டினத்து சர்ச் கோபுரம் ரெண்டும் தெரியும். மீன் வேணுங்குறவங்க காலைல அமலிநகர் பக்கம் போனா ஃபைபர் படகு கரைக்கு வாரதையும் ஏலம் போடுறதையும் பாக்கலாம், வேலை நடக்குற எடம், ஓரமா நில்லுங்க, போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுருங்க.

ரெண்டாம் நாள்தான் முக்கியம். நாலரைக்கு எந்திரிச்சிருங்க. சூரியன் கடல்ல இருந்து மேல வாரத இடுப்பளவு தண்ணில நின்னு பாக்கணும். கோயிலுக்கு முன்னாடி தண்ணிக்கடில பாறை உண்டு, அதனால நாலு பேரு குளிக்குற எடத்துலயே குளிங்க, தனியா ஒதுங்கி சாமர்த்தியம் காட்டவேண்டாம். அமாவாசை பௌர்ணமிய ஒட்டி கடல் உள்வாங்கும், பாறையெல்லாம் பச்சயா பாசியோட வெளிய தெரியும், அதுமேல ஏறி செல்ஃபி எடுக்கப்போயி வழுக்கி விழுந்து கால ஒடச்சுக்கிட்டவங்க உண்டு. சில சமயம் சொறிமீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கும், கண்ணாடி மாதிரி கொழகொழன்னு கெடக்கும், பிள்ளைங்க கையால எடுத்துரும், பாத்துக்கிடுங்க, பட்ட எடம் அரிச்சுத் தடிச்சுரும். கரைல நிக்குற பாதுகாப்புக்காரங்க விசில் ஊதுனா வெளிய வந்துருங்க.

கடல்ல முங்குன பொறவு நாழிக்கிணறு. கோயிலுக்குத் தெக்க, படி இறங்கிப் போகணும், பெரிய கிணத்துக்குள்ள ஒரு அடி அகலத்துல சின்னதா ஒரு குழி, இங்கன இருந்து கல்ல விட்டெறிஞ்சா கடல்ல போய் விழும், ஆனா தண்ணி உப்புக் கரிக்காது. முருகன் படைக்குத் தாகம் தீர வேல ஊனி உண்டாக்குனதுன்னு ஐதீகம். உப்பு தண்ணி ஒடம்புல பிசுபிசுன்னு இருக்கும்போது அந்தக் குளுந்த தண்ணிய தலைல ஊத்துனா வர்ற சுகம் இருக்கே.

கோயில் நடை காலைல அஞ்சுக்குத் தொறக்கும், விசேஷ நாள்னா இன்னும் முன்னாடி. ஏழுக்குள்ள வரிசைல நின்னியன்னா எட்டு எட்டரைக்கு வெளிய வந்துரலாம். ஆம்பளைங்க சட்டையக் கழத்தணும். செல்போன் உள்ள கூடாது, 2022-லயே ஐகோர்ட் மதுரைக் கிளை தடை போட்டாச்சு, ரூம்லயே வச்சிட்டு வந்துருங்க. அறுபடை வீட்டுல ரெண்டாவது. மூலவர் கிழக்க கடலப் பாத்து நிக்காரு, சூரன முடிச்சிட்டு சிவபூஜை பண்ணுத கோலம், கைல பூ இருக்கும், கண்ண மூடிக்கிட்டு கன்னத்துல போடாம அதக் கவனிங்க. ஒம்பது நிலை ராஜகோபுரம் மேக்கால இருக்கு, கிழக்க கடலாச்சே, அதான். 2025 ஜூலை 7 கும்பாபிஷேகம் ஆனதுல இருந்து பளிச்சுன்னு நிக்கி. 1646-ல இருந்து ரெண்டு வருஷம் டச்சுக்காரங்க இந்தக் கோயிலப் பிடிச்சு வச்சிருந்தாங்க. போகும்போது சாமி செலையக் கப்பல்ல தூக்கிட்டுப் போக, புயலடிக்க, கடல்ல போட்டுட்டு ஓடிட்டாங்கன்னும், பொறவு திருநெல்வேலில நாயக்கரோட அதிகாரியா இருந்த வடமலையப்ப பிள்ளை கனவுல சாமி வந்து எலுமிச்சம்பழம் மெதக்குற எடத்த, மேல கருடன் சுத்துற எடத்தப் பாருன்னு சொல்லி மீட்டாங்கன்னும் கதை. வெளிய வரும்போது பன்னீர் இலை விபூதி மறக்காம வாங்குங்க. அந்த இலைல பன்னெண்டு நரம்பு, முருகனோட பன்னெண்டு கையின்னு சொல்லுவாங்க. எங்க ஆச்சி வீட்டுக்கு வந்த ஒடனே விரிச்சு நரம்ப எண்ணுவா, ஒரு தடவ பதினொண்ணு வந்துட்டுன்னு கண்ணாடியப் போட்டுட்டு திரும்ப எண்ணுனா. பக்கத்துல வள்ளி குகை, குனிஞ்சு போகணும், முட்டு வலி உள்ளவங்க வெளியவே நின்னுக்கிடலாம்.

சாப்பிட்டு திரும்ப ஒரு தூக்கம். ரெண்டரைக்கு தெக்க கெளம்புங்க. வண்டி இருந்தா நல்லது, இல்லன்னா குலசைக்கும் (குலசேகரன்பட்டினம்) உடன்குடிக்கும் பஸ் உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா நேரம்னா காளி வேஷம், குரங்கு வேஷம், போலீஸ் வேஷம்னு எங்க பாத்தாலும் வேஷம்தான். மத்த நாள்ல அமைதியா இருக்கும். ராக்கெட் ஏவுதளம் வாரதும் இங்கதான், 2024 பிப்ரவரி 28 அடிக்கல் நாட்டுனாங்க, இங்க இருந்து விட்டா இலங்கையச் சுத்தி வளையாம நேரா தெக்க போயிருமாம். உள்ள எல்லாம் விடமாட்டாங்க, ரோட்டுல இருந்தே பாத்துட்டு நடைய கட்டுங்க.

உடன்குடில கருப்பட்டி வாங்கணும். புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, ஆனா பேரு பெரிசான ஒடனே சீனி கலக்குறதும் பெரிசாயிட்டு. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு துண்டு ஒடச்சு வாயில போடுங்க. மொத இனிப்பு, கடைசில நாக்குல லேசா ஒரு உப்புக் கரிப்பு வரணும், அது பதனில போட்ட சுண்ணாம்போட, மண்ணோட ருசி. ஒடச்ச எடம் சீனி மாதிரி மினுமினுன்னு மின்னுச்சுன்னா வச்சிட்டு வந்துருங்க. வெல ரொம்ப கொறச்சு சொன்னாலும் சந்தேகப்படுங்க. சுக்கு ஏலக்காய் போட்ட சில்லுக்கருப்பட்டி தனியா கேட்டு வாங்குங்க. மாசி கடைசில இருந்து வைகாசி வரைக்கும் வந்தியன்னா ரோட்டோரம் பதனி கெடைக்கும், பனையோலைப் பட்டைல ஊத்தி அதுக்குள்ளயே நொங்கத் தோண்டிப் போடுவாங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓரத்துல வாய வச்சு குடிக்கணும், மொத தடவைன்னா பாதி சட்டைலதான் போகும். பதனி காலைலயே தீர்ந்துரும், அதுக்காக மட்டும் ஒரு நாள் சீக்கிரமா வரலாம்.

நாலரைக்கு மணப்பாடு. எனக்குக் கேட்டா இந்தக் கரைலயே அழகான எடம் இதுதான். கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற மணல்மேட்டு உச்சில திருச்சிலுவை கோயில், 1581-ல கட்டுனது. 1540 வாக்குல ஒடஞ்சு ஒதுங்குன போர்ச்சுக்கீசியக் கப்பலோட மரத்துல செஞ்ச சிலுவைதான் ஆரம்பம்னு சொல்லுதாங்க, 1542-ல சவேரியார் இந்தக் கரைக்கு வந்தப்ப கீழ குகைல தங்குனாருன்னு அந்தக் குகையும் இருக்கு, அதுக்குள்ளயும் நல்ல தண்ணி. மேட்டுக்கு ஒரு பக்கம் அலை அடிச்சு நொறுங்கும், இன்னொரு பக்கம் குளம் மாதிரி கெடக்கும், கீழ படகு, ஓட்டு வீடு, உப்பங்கழி. கச்சான் காத்து நேரத்துல வெளிநாட்டுக்காரங்க கைட் சர்ஃபிங் பண்ண வாராங்க, நாம திட்டுன காத்து அவங்களுக்குத் தேவையா இருக்கு பாருங்க. செப்டம்பர் 1-ல இருந்து 14 வரை திருவிழா, அப்ப கூட்டம். பெண்கள் பனையோலைல பெட்டி, கூடை முடையுறதும் இந்த ஊருல உண்டு, நான் வாங்குன அஞ்சறைப்பெட்டி எட்டு வருஷமா உழைக்குது.

நேரம் இருந்தா இன்னும் தெக்க உவரி. கடல் மண்ண ஓலைப்பெட்டில சொமந்து வந்து தட்டுற சுயம்புலிங்கசாமி கோயில், அங்கனயே அந்தோணியார் கோயில், கப்பல் மாதிரியே கட்டுன கப்பல் மாதா கோயில். ஆனா மணப்பாட்டுல பொழுதடைஞ்சதுக்கு அப்புறம் உவரிக்குப் போனா ஒண்ணும் தெரியாது, அத அடுத்த தடவைக்கு வச்சுக்கிடுங்க. கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு இறங்கும்போதே கண்டக்டர்ட்ட கேட்டுருங்க. நான் ஒருக்க கேக்காம விட்டுட்டு, மீன் ஏத்திட்டுப் போன லோடு ஆட்டோல பின்னாடி உக்காந்து செந்தூர் வந்து சேந்தேன், பொறவு அந்தச் சட்டைய வீட்டுக்குள்ளயே விடல.